மின்தடைக்குப் பின் இடம் மாறும் கணினி: ஐபி முகவரியைக் கையால் அமைத்த கதை

திருச்சியில் எங்கள் வீட்டு மாடியறையில் ஒரு மேசைக் கணினியும், வைத்த காகிதத்தை ஸ்கேன் செய்து நேரே கணினிக்கு அனுப்பக்கூடிய பிரிண்டர் ஒன்றும் இருக்கின்றன. என் மனைவி சிறு கடைக்காரர்கள் சிலருக்கு வரிக்கணக்கு எழுதித் தருபவர். கடைகளிலிருந்து வரும் பில்களைப் பிரிண்டரின் மேல் வைத்துப் பொத்தானை அழுத்தினால், அவற்றின் படம் கணினியில் பகிர்ந்து வைத்திருக்கும் ஒரு ஃபோல்டரில் வந்து விழும். அங்கிருந்து எடுத்துப் பெயரிட்டு அடுக்கிக்கொள்வார். இந்த ஏற்பாடு மூன்று வாரம் ஒழுங்காக நடக்கும். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் நாள் கழிந்ததும் படுத்துவிடும். "ஏங்க, ஸ்கேன் மறுபடியும் போக மாட்டேங்குது" என்ற குரல் கேட்டதும் நான் மாடியேறி, பிணையத்தில் கணினியை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரி அப்போது என்னவென்று பார்த்து, பிரிண்டரின் சின்னஞ்சிறு திரையில் அதை ஒவ்வோர் எண்ணாகத் தட்டி மாற்றிவிட்டு இறங்குவேன். ஐந்தாவது முறையோ ஆறாவது முறையோ அப்படி ஏறியபோதுதான், கணினிக்கு மாறாத முகவரி ஒன்றைக் கையாலேயே கொடுத்துவிடுவது என்று தீர்மானித்தேன். பத்து நிமிட வேலை என்றுதான் நினைத்தேன். முழுவதும் சரியாவதற்கு ஒன்றரை ஆண்டு பிடித்தது.

மின்தடைக்கும் முகவரிக்கும் என்ன தொடர்பு என்பதே எனக்கு முதலில் விளங்கவில்லை. வீட்டு ரூட்டர், தன்னோடு இணையும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரியைத் தானாகவே வழங்குகிறது. டிஹெச்சிபி எனப்படும் அந்த முறை 1997இல் ஆர்எஃப்சி 2131 என்ற ஆவணத்தில் இன்றைய வடிவில் வரையறுக்கப்பட்டது. வழங்கப்படும் முகவரி சொந்தமன்று, குறிப்பிட்ட காலத்துக்கான குத்தகை. எங்கள் ரூட்டரில் அந்தக் காலம் 86400 நொடி, அதாவது ஒரு நாள். குத்தகைக் காலத்தில் பாதி கழிந்ததும் கருவி தானே போய்ப் புதுப்பித்துக்கொள்ளும் என்பதால், எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் வரையில் எண் மாறுவதில்லை. ஆனால் எங்கள் ரூட்டர் யாருக்கு எந்த எண் என்ற கணக்கை மின்சாரம் இருக்கும்வரை மட்டுமே நினைவில் வைத்திருந்தது. பராமரிப்பு முடிந்து மாலையில் கரண்ட் வந்ததும் கைப்பேசிகளும் டிவியும் முதலில் வந்து எண்களை வாங்கிக்கொள்ளும். கணினியை மறுநாள் காலையில்தான் போடுவோம். அது தன் பழைய எண்ணையே கேட்டாலும், அதற்குள் அந்த எண் வேறொரு கருவிக்குப் போயிருந்தால் ரூட்டர் வேறு எண்ணைத்தான் கொடுக்கும். பிரிண்டரோ பழைய எண்ணின் கதவையே தட்டிக்கொண்டிருக்கும். கணினியின் பெயரைக் கொடுத்தால் போதாதா என்று கேட்கலாம்; எங்கள் பிரிண்டர் கொஞ்சம் பழையது, பெயரைக் கொடுத்தால் விழித்தது, எண்ணைக் கொடுத்தால்தான் நகர்ந்தது.

தெருமுனைக் கணினிக் கடையில் இதைச் சொன்னபோது, "ஸ்டாட்டிக் ஐபி வேணும்னா நெட் கம்பெனியில தனியா பணம் கட்டணும் சார்" என்றார்கள். இது பலரையும் குழப்பும் இடம் என்பதால் சொல்லிவிடுகிறேன். நிறுவனம் பணம் வாங்கிக்கொண்டு தருவது, வெளியுலகம் நம் வீட்டை அடையாளம் காணும் பொது முகவரி. வீட்டுக்குள் கருவிகள் ஒன்றையொன்று அழைத்துக்கொள்வது வேறு வகை எண்களால். 10இல் தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரையில் தொடங்குபவை, 192.168இல் தொடங்குபவை என்று மூன்று தொகுதிகள் இதற்காகவே 1996இல் ஒதுக்கி வைக்கப்பட்டன. இவற்றை உலகில் எந்த வீடும் யாரையும் கேட்காமல் பயன்படுத்தலாம். மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகள் மட்டுமே சாத்தியமான ஒரு முறை இத்தனை காலம் தாக்குப்பிடித்ததற்கு இந்த ஏற்பாடு ஒரு பெரிய காரணம். வீட்டுக்குள் வைக்கும் நிலையான எண்ணுக்கு ஒரு பைசா செலவில்லை.

முதல் முயற்சியில் நான் செய்தது இதுதான். விண்டோஸின் ரன் பெட்டியில் என்சிபிஏ புள்ளி சிபிஎல் என்று தட்டி, பிணைய அட்டைகளின் பட்டியலைத் திறந்து, ஈதர்நெட் என்பதன் ப்ராப்பர்டீஸுக்குள் போய், ஐபி பதிப்பு 4 என்ற வரியைத் தேர்ந்தெடுத்தேன். கட்டளைத் திரையில் ஐபிகான்ஃபிக் கட்டளையை ஆல் என்ற சொல்லோடு சேர்த்துக் கொடுத்தால், கணினி அந்த நேரத்தில் தானாக வாங்கி வைத்திருக்கும் எல்லாமும் தெரியும்: முகவரி 192.168.1.7, முகவரியில் எவ்வளவு பகுதி வீட்டுப் பிணையத்தைக் குறிக்கிறது என்று சொல்லும் சப்நெட் மாஸ்க் 255.255.255.0, வெளியே போகும் வாசலான கேட்வே 192.168.1.1, தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸும் அதே 192.168.1.1. அவற்றை அப்படியே பார்த்துக் கட்டங்களில் எழுதி ஓகே கொடுத்தேன். எழுதுவதற்கு முன் அந்தத் திரையைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். அன்று நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அது. ஸ்கேன் போயிற்று, இணையமும் வந்தது. அடுத்த மின்தடை வந்து போனபோதும் ஒன்றும் ஆகவில்லை. நான் அந்த வேலையை மறந்தும் போனேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை என் தங்கை மகன் வந்திருந்தான். ஞாயிறு காலை மனைவி கணினியைப் போட்டால் இணையமும் இல்லை, ஸ்கேனும் இல்லை. பார்த்தால் முகவரி 169.254 என்று ஏதோ ஓர் எண்ணில் நின்றது. கேபிள்தான் போய்விட்டது என்று முடிவுகட்டி, கடை திறக்கும்வரை காத்திருந்து புதுக் கேபிள் வாங்கி வந்து மாட்டினேன், பலனில்லை. பையன் சோபாவில் சாய்ந்தபடி, "எனக்கு நெட் நல்லாத்தான் வருது மாமா" என்றான். அவனுக்கு நன்றாக வந்ததுதான் பிரச்சினையே. முதல் நாள் இரவு கணினி அணைந்திருந்த வேளையில் அவன் கைப்பேசி வந்து எண் கேட்டிருக்கிறது, ரூட்டர் 192.168.1.7 காலியாக இருப்பதாகக் கருதி அதையே கொடுத்திருக்கிறது. ஐபிகான்ஃபிக் திரையை நிதானமாகப் படித்திருந்தால், 192.168.1.7 என்ற எண்ணுக்குப் பக்கத்திலேயே டூப்ளிகேட் என்ற சொல் இருந்ததை அரை மணி முன்பே கண்டிருப்பேன். தன் எண்ணில் வேறு யாரோ இருப்பதைக் கண்ட விண்டோஸ், எதுவும் கிடைக்காத நிலையில் தானே சூட்டிக்கொள்ளும் 169.254 வகை எண்ணை எடுத்துக்கொண்டிருந்தது. விண்டோஸ் 98 காலத்திலிருந்தே அதற்கு அந்தப் பழக்கம் உண்டு. அந்த எண்ணைக் கண்டால், கணினிக்கு ஒழுங்கான முகவரி வாய்க்கவில்லை என்று பொருள் கொள்ள வேண்டும். கேபிள் என்பது அதற்கான பல காரணங்களில் ஒன்று மட்டுமே.

கல்யாண மண்டபத்தில் அறைச் சாவிகளை ஒருவர் கையில் கொடுத்து வைத்திருப்பார்கள். அவரிடம் சொல்லாமல் ஓர் அறையில் நாம் பெட்டியை வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டால், அடுத்து வருகிறவருக்கு அவர் அதே அறையைத்தான் காட்டுவார். அவர் மேல் குற்றமில்லை. நான் ரூட்டருக்குச் செய்தது அதுவே. கணினியில் முகவரியைக் கையால் எழுதுவதை ரூட்டர் அறியவே அறியாது. எழுதும் எண், ரூட்டர் வழங்கும் எல்லைக்கு வெளியே இருக்க வேண்டும் என்பதை நான் பார்த்த விளக்கங்கள் பலவும் கடைசி வரியில், போகிற போக்கில்தான் சொல்லியிருந்தன. என்னைக் கேட்டால் அதுதான் முதல் வரி.

ரூட்டரின் பக்கத்தை உலாவியில் திறந்து பார்த்தேன். கடவுச்சொல் ரூட்டரின் அடியில் ஒட்டிய தாளில் இருந்தது. வீட்டுப் பிணையத்துக்கான லேன் என்ற பகுதியில் டிஹெச்சிபி எல்லை 192.168.1.2 முதல் 192.168.1.254 வரை என்று இருந்தது. அதாவது, ரூட்டரின் சொந்த எண்ணைத் தவிர எல்லாமே அதன் கொடைக்கு உரியவை, எனக்கென்று ஓர் எண்கூட மிச்சமில்லை. அதை 192.168.1.100 முதல் 192.168.1.200 வரை என்று சுருக்கினேன். எங்கள் வீட்டில் விருந்தினர் வந்தால்கூடப் பதினைந்து கருவிக்கு மேல் தேறாது. நூற்றொரு எண் தாராளம். 2 முதல் 99 வரை என் கைக்கு வந்தன. எல்லையைத் தொடாமல் 250 போன்ற பெரிய எண்ணை எடுத்துக்கொண்டால் போதும், அதுவரை ரூட்டர் எண்ணிக்கொண்டு வராது என்று ஒரு நண்பர் சொன்னார். சில ரூட்டர்கள் கீழிருந்து வரிசையாகக் கொடுப்பது உண்மைதான். ஆனால் பல ரூட்டர்களுக்குள் இருக்கும் டிஎன்எஸ்மாஸ்க் என்ற மென்பொருள், கருவியின் மேக் முகவரியை, அதாவது அதன் பிணைய அட்டைக்கு உரிய அடையாள எண்ணை, வைத்து ஒரு கணக்குப் போட்டு எல்லைக்குள் எங்கிருந்து வேண்டுமானாலும் எண்ணை எடுக்கும். அங்கே பெரிய எண் சிறிய எண்ணைவிட எந்த வகையிலும் பாதுகாப்பானது அன்று.

ஓர் எண் காலியா என்று சோதிப்பதற்கு ஓர் எண்ணை அழைத்துப் பதில் வருகிறதா என்று பார்க்கும் பிங் கட்டளையை எல்லோரும் சொல்வார்கள். பதில் வராவிட்டால் காலி என்று எடுத்துக்கொள்வது தவறு; விண்டோஸின் ஃபயர்வால் என்ற காவல் மென்பொருள் பல நேரங்களில் பிங்குக்கு வாய் திறக்காது. நான் பின்னர் கற்றுக்கொண்ட வழி, பிங் செய்துவிட்டு உடனே ஏஆர்பி கட்டளையைச் சிறு கோடு, ஏ என்ற எழுத்து ஆகியவற்றோடு கொடுத்துப் பட்டியலைப் பார்ப்பது. அந்த எண்ணுக்கு நேரே ஒரு மேக் முகவரி இருந்தால், பிங்குக்குப் பதில் வராவிட்டாலும் அங்கே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். அப்போதும் அணைந்து கிடக்கும் கருவி எந்தச் சோதனையிலும் தெரியாது.

கணினிக்கு 192.168.1.20 என்று முடிவாயிற்று. இந்த முறை விண்டோஸ் 10இன் செட்டிங்ஸ் வழியாகப் போனேன். அங்கே மாஸ்க் கேட்கும் இடத்தில் சப்நெட் ப்ரீஃபிக்ஸ் நீளம் என்று இருந்தது, நான் 255.255.255.0 என்று எழுத, சேமிக்க இயலவில்லை, அமைப்புகளைச் சரிபார்க்கவும் என்று மட்டும் சொல்லிற்று. எது தவறு என்று சொல்லவில்லை. அது எதிர்பார்த்தது 24 என்ற ஓர் எண்ணை. முகவரியின் 32 பிட்களில் முதல் 24 பிட்கள் வீட்டுப் பிணையத்தைக் குறிப்பவை என்பதை 255.255.255.0 ஒரு மாதிரியும் 24 இன்னொரு மாதிரியும் சொல்கின்றன, அவ்வளவே. மிச்சமுள்ள 8 பிட்களில் 256 எண்கள். அவற்றில் 0 பிணையத்தின் பெயராகவும் 255 எல்லோரையும் ஒரே நேரத்தில் அழைக்கும் எண்ணாகவும் போய்விடுவதால் கருவிகளுக்கு 254 மிஞ்சும்.

அந்த எரிச்சலில் எல்லாக் கட்டங்களையும் மறுபடி வேகமாக நிரப்பியபோது கேட்வேயில் 192.168.1.1க்குப் பதிலாக 192.168.1.11 என்று ஒரு 1ஐக் கூடுதலாகத் தட்டிவிட்டேன். இதைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. ஒன்றுமே வராமல் போயிருந்தால் ஐந்து நிமிடத்தில் கண்டிருப்பேன். பாதி வந்ததுதான் தொல்லை. ஸ்கேன் போயிற்று. ஒரே பிணையத்துக்குள் இருப்பவை நேரடியாகப் பேசிக்கொள்ளும், கேட்வே வெளியே போவதற்கான வாசல் மட்டுமே என்பதால் அதில் வியப்பில்லை. ஆனால் யூடியூப் ஓடிற்று, கூகுள் தேடலும் வந்தது. மனைவிக்கு வேண்டிய ஒரு வங்கித் தளமும் வேறு சில தளங்களும் மட்டும் சுற்றிக்கொண்டே நின்றன. வங்கித் தளத்தின் கோளாறு என்றே நம்பி முதல் நாளை ஓட்டினேன். உண்மையில் எங்கள் இணைப்பில், ஐபி முறையின் புதிய பதிப்பான பதிப்பு 6இன் முகவரியும் கூடவே வந்துகொண்டிருந்தது. நான் கெடுத்தது பதிப்பு 4இன் வாசலை. பதிப்பு 6க்குத் தனி வாசல், அது ரூட்டரிடமிருந்து தானாகவே வந்து சரியாக இருந்தது. இரண்டு பதிப்பிலும் கிடைக்கும் பெரிய தளங்கள் அந்த வழியில் ஓடின. பதிப்பு 4இல் மட்டும் இருந்தவை அடைபட்டன. கூகுளின் 8.8.8.8 என்பது பதிப்பு 4 முகவரி என்பதால், அதை ஒரு பிங் செய்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். இப்போதெல்லாம் முகவரியை மாற்றியதும் உலாவியைத் திறப்பதில்லை. முதலில் ரூட்டரின் எண்ணை பிங் செய்கிறேன். வந்தால் முகவரியும் மாஸ்க்கும் சரி. பிறகு 8.8.8.8, வந்தால் கேட்வே சரி. பிறகு ஏதேனும் ஒரு தளத்தின் பெயரை என்எஸ்லுக்கப் கட்டளையில் கொடுக்கிறேன். எண் கிடைத்தால் டிஎன்எஸ் சரி. மூன்றில் எது நின்றதோ அந்தக் கட்டத்தைப் போய்ப் பார்த்தால் போதும்.

டிஎன்எஸ் கட்டத்தில் என்ன எழுதுவது என்பது பற்றி ஆளுக்கொரு கருத்து உண்டு. கூகுளின் 8.8.8.8 2009 முதலும், கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1 2018 முதலும் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. நான் முதல் இடத்தில் ரூட்டரின் எண்ணையும் இரண்டாம் இடத்தில் 1.1.1.1ஐயும் வைத்திருக்கிறேன். எதுவும் எழுதாமல் விடுவதுதான் தவறு: முகவரியைக் கையால் எழுதினால் டிஎன்எஸ் தானாக வராது; பிங் எல்லாம் ஓடியும் ஒரு தளம்கூடத் திறக்காது.

கணினியில் கை வைக்காமல், ரூட்டரிலேயே இந்த மேக் முகவரி வந்தால் இந்த எண்ணைக் கொடு என்று பதிந்து வைக்கும் முன்பதிவு வசதியும் உண்டு. பெரும்பாலான வீடுகளுக்கு அதுவே மேலான வழி என்பது என் கருத்து. எண்கள் ஒரே இடத்தில் இருக்கும், மோதல் வராது. பிரிண்டருக்கு அப்படித்தான் 192.168.1.21ஐப் பதிந்தேன். கைப்பேசிகளுக்கு மட்டும் அது எளிதன்று. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 ஆகியவற்றிலிருந்து அவை உண்மையான மேக் முகவரியை மறைத்துப் போலியான ஒன்றைக் காட்டத் தொடங்கிவிட்டன. ஆனால் நான் கணினிக்குக் கைமுறையைக் கைவிடாததற்குக் காரணம் வேறு. ஒரு மழைக்காலத்தில் இணைப்பு அடிக்கடி அறுந்ததால் புகார் கொடுத்தோம். வந்த பணியாளர், நான் குறுக்கே ஒரு சொல் சொல்வதற்குள் ஊசியால் ரூட்டரின் ரீசெட் துளையைக் குத்திவிட்டார். முன்பதிவு, சுருக்கிய எல்லை எல்லாம் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பின. பிரிண்டர் இடம் மாறியது. கணினி மட்டும் 20இலேயே நின்றது. அதன் பிறகு பிரிண்டருக்கும் அதன் திரையிலேயே முகவரியைக் கையால் எழுதிவிட்டு, ரூட்டரில் எல்லையை மறுபடி சுருக்கினேன்.

அடுத்து, நாங்கள் இணைய நிறுவனத்தையே மாற்றியபோது பழைய கதை புது உருவில் வந்தது. புது ரூட்டரின் எண் 192.168.0.1. கைப்பேசிகள் எல்லாம் உடனே ஓடின, 192.168.1.20 என்று பிடிவாதமாக நின்ற கணினியால் ரூட்டரின் பக்கத்தைக்கூடத் திறக்க முடியவில்லை. அதன் மாஸ்க்கின்படி 192.168.0 என்பது வேறு ஊர். போகும் வழியாக அது அறிந்திருந்த 192.168.1.1 இப்போது வீட்டிலேயே இல்லை. "லேன் கார்டு போயிருக்கும் சார்" என்றார் இணைப்பு கொடுக்க வந்தவர். கையால் எழுதியிருப்பதை நான் அவரிடம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அவர் போனதும் கணினியைத் தானியங்கி முறைக்கு மாற்றி, புது ரூட்டரின் பக்கத்தைத் திறந்து, இரண்டு கருவிகளின் எண்களை மாற்றுவதற்குப் பதிலாக ரூட்டரின் லேன் எண்ணையே 192.168.1.1 என்று ஆக்கினேன். அதைச் சேமித்த நொடியில் அந்தப் பக்கம் அறுந்துபோகும், பயப்பட வேண்டியதில்லை. கேபிளைக் கழற்றி மாட்டிவிட்டுப் புது எண்ணில் மறுபடி திறந்தால் வரும். எல்லையை 100 முதல் 200 வரை என்று வைத்துவிட்டு, கணினிக்குத் திரும்பவும் 20ஐ எழுதினேன்.

மூன்று சோதனைகளும் தேறின. ஸ்கேன் மட்டும் போகவில்லை. எண் சரி, ஃபோல்டர் சரி, கடவுச்சொல் சரி. புது ரூட்டரைக் கண்ட விண்டோஸ் இதை முன்பின் அறியாத புதுப் பிணையமாகக் கருதி, பப்ளிக் என்று வகைப்படுத்திவிட்டிருந்தது. அந்த வகையில் ஃபோல்டர் பகிர்வை ஃபயர்வால் தடுத்துவிடும். முகவரி பழையதுதானே என்று நான் நினைத்தேன். விண்டோஸ் பிணையத்தை அடையாளம் காணப் பார்ப்பது கேட்வே ரூட்டரின் மேக் முகவரியை, நாம் எழுதிய எண்ணை அன்று. செட்டிங்ஸில் அந்த இணைப்பை ப்ரைவேட் என்று மாற்றியதும், வரிசையில் காத்திருந்த பில்களில் முதலாவது வந்து விழுந்தது.

இதே வேலையை மடிக்கணினியில் செய்ய நினைப்பவர்களுக்கு ஒன்று. கன்ட்ரோல் பேனல் வழியாக வைஃபை அட்டைக்கு எழுதும் முகவரி அந்த அட்டையோடு ஒட்டிக்கொள்ளும். உறவினர் வீட்டுக்குப் போனாலும் அலுவலகத்துக்குப் போனாலும் அதே எண்ணைத் தூக்கிக்கொண்டுதான் போகும், அங்கே இணையம் வராமல் போகலாம். அசையாமல் ஓரிடத்தில் கிடக்கும் கருவிகளுக்கே இது பொருந்தும். எங்கள் வீட்டில் இன்று கையால் எழுதிய முகவரிகள் மூன்று: கணினி 20, பிரிண்டர் 21, வாசல் கேமராவின் பதிவுப் பெட்டி 22. மேசை அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கும் ஒரு தாளில் இவற்றோடு ரூட்டரின் எண், மாஸ்க், டிஎன்எஸ், வழங்கும் எல்லை ஆகியவையும் பேனாவால் எழுதப்பட்டிருக்கின்றன. அதன் அடியில், யாராவது ரூட்டரை ரீசெட் செய்தால் எல்லையை 100 முதல் 200 என்று மாற்றவும் என்று நான் எழுதிவைத்த வரிக்குக் கீழே, "குத்த விடாதீங்க" என்று மனைவி தன் கையெழுத்தில் சேர்த்திருக்கிறார்.